ஸ்கூல் பஸ்ல மவள பாத்து மூக்கப் பொத்துதாவ, என்ன செய்யட்டும்?

அலைவாய்க்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எனக்க மவ எட்டாம் கிளாஸ் படிக்கா. நாங்க குளச்சல் பக்கம் கடற்கரை ஊரு, ஸ்கூல் உள்ள தள்ளி இருக்கு, ஸ்கூல் பஸ்லதான் போக்குவரத்து. இவ ஏறுனதும் பின்சீட்டுல இருக்க நாலஞ்சு பிள்ளைய மூக்கப் பொத்துதாவளாம், ஒருத்தன் "சன்னல தொறடே, சாளை வந்தாச்சு"ன்னு மீனு பேரச் சொல்லுவானாம், பஸ் முழுக்க சிரிக்குமாம். ஜூன்ல ஸ்கூல் தொறந்ததுல இருந்தே நடக்கு, எனக்கு இப்பதான் தெரியும்.

சோத்துலதான் மொதல்ல சந்தேகம் வந்துது. மத்தியானத்துக்கு மீன் வைக்கவே கூடாதுன்னு ஒரே பிடிவாதம், வெறும் தயிர்சோறு போதும்ங்குதா. ராத்திரி தொவைச்சு போட்ட யூனிபார்ம காலைல மறுபடி கம்ஃபோர்ட் விட்டு அலசி, ஈரம் காயாம அயர்ன் பண்ணி போட்டுட்டு போறா. என்ன கூத்துன்னா மூக்கப் பொத்துற பிள்ளைய வீட்டுலயும் மரச்சீனியும் மீன்கொழம்பும்தான், எங்க ஆளுவ பிடிச்சிட்டு வர்ற மீனத்தான் திங்கள்சந்தைல பேரம் பேசி வாங்கிட்டு போறாவ.

இப்ப அவளுக்க போட்டோவ மீனு உடம்போட ஒட்டி வாட்ஸப்ல ஸ்டிக்கராக்கி கிளாஸ் குரூப்ல சுத்துது. கிளாஸ் டீச்சருக்கு போன் பண்ணேன், "சின்னப் பிள்ளைய விளையாட்டும்மா, பெருசாக்காதீங்க"ன்னு வச்சிட்டாவ. வீட்டுக்காரர் ஆழ்கடலுக்கு போயிருக்காவ, கரைக்கு வந்து தெரிஞ்சா நேரா அந்தப் பயலுவ வீட்டுக்கு போயிருவாவ, எனக்கு அதுவும் பயமா இருக்கு. ஸ்கூல மாத்திரலாமா? யாராவது சொல்லுங்க.

பார்வதிபுரம்_பாலத்தடி:
அக்கா இதுக்கெல்லாம் ஸ்கூல் மாத்துனா எத்தன ஸ்கூல் மாத்துவிய. பிள்ளைய கொஞ்சம் தைரியமா இருக்க சொல்லுங்க, திருப்பி ஒண்ணு குடுத்தா அடங்கிருவானுவ. நாங்கல்லாம் வட்டப்பேரு கேக்காமலா படிச்சோம், எனக்கு பத்தாம் கிளாஸ் வர "ஓலப்பாய்"னுதான் பேரு.

தக்கலை_பழையவாத்தியார்:
தம்பி, உனக்கு வட்டப்பேரு வச்சவனுக்கும் நீ ஒரு பேரு வச்சிருப்ப, அதனால அது விளையாட்டு. இங்க ஒரு பக்கம் அஞ்சு பேரு, இன்னொரு பக்கம் ஒத்தப் பிள்ள, தெனமும் நடக்கு, வேணும்னே நடக்கு. நார்வேல டான் ஓல்வியூஸ்னு ஒருத்தரு 1970கள்லயே இத ஆராய்ஞ்சு பிரிச்சி சொன்னதும் இந்த மூணத்தான்: வேணும்னு செய்யிறது, திரும்பத் திரும்ப செய்யிறது, பலம் சமமா இல்லாம இருக்கறது. அந்தப் பிள்ள திருப்பி அடிச்சா ஸ்கூல்ல பேரு கெடப் போறது அவளுக்குதான், மத்த அஞ்சு பேரும் ஒருத்தனுக்கு ஒருத்தன் சாட்சி சொல்லுவான்.

அம்மா, நான் முப்பது வருசத்துக்கு மேல இந்த மாவட்டத்துல வேல பாத்தவன். போன்ல சொன்னது கணக்குல வராது, எழுதிக் குடுக்கணும். எந்த தேதி, பஸ்ஸா கிளாஸா, யாரு என்ன வார்த்த சொன்னா, யாரு பாத்தா, எல்லாம் எழுதி ஹெச்எம் பேருக்கு ரெண்டு காப்பி, ஒண்ணுல சீலோட கையெழுத்து வாங்கி நீங்க வச்சுக்கணும். "சாளை"ன்னு சொன்னத அப்படியே எழுதணும், "கேலி செய்தார்கள்"னு நாசூக்கா எழுதுனா படிக்கறவங்களுக்கு ஒறைக்காது. ஏன்னா இது ஒரு பிள்ளைய கேலி பண்றதோட நிக்கல, ஒரு ஊரு சனத்தையே எளக்காரம் பண்றது, அத பிள்ளைய தானா கண்டுபிடிக்கல, வீட்டுல பெரியவங்க வாய்ல இருந்துதான் வந்திருக்கும்.

பிறகு ஒண்ணு, ஹெச்எம் ரூமுல அவனுவளையும் இவளையும் ஒண்ணா நிறுத்தி "கை குடுங்க, சாரி சொல்லுங்க"ன்னு முடிக்கப் பாப்பாவ, அதுக்கு சம்மதிக்காதீங்க. நிறைய ஸ்கூல்ல அதுதான் வழக்கம். ரெண்டு பேரு சண்ட போட்டா சமாதானம் பண்ணலாம், இது சண்ட இல்ல. தனித்தனியா விசாரிக்கணும், செஞ்சவன் வீட்டுல இருந்து ஆள வரச்சொல்லணும், அதுக்குப் பிறகும் ஒரு மாசமாவது பஸ்ல ஒரு டீச்சர் கண்ணு இருக்கணும். புகார் குடுத்த பிறகுதான் கவனம் ரொம்ப வேணும். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில ஒரு பையன் கூடப் படிக்கிறவனுவ தொந்தரவு தாங்காம சொன்னதுக்கு வீடு புகுந்து அவனையும் தங்கச்சியையும் வெட்டுனானுவ. அதுக்குப் பிறகுதான் ஸ்கூல்ல சாதி வன்மத்த தடுக்க வழி சொல்ல நீதியரசர் சந்துரு தலைமையில ஒருநபர் குழு போட்டு, 2024 ஜூன்ல அறிக்கை வந்துது. பயப்படுத்த சொல்லல, உங்க விசயம் அந்த அளவுக்கு இல்ல.

வீட்டுக்காரர் கரைக்கு வர முந்தி கடுதாசிய குடுத்துருங்க. பங்குசாமிட்டயோ ஊர்க்கமிட்டிலயோ சொல்லி ஆள் திரட்டிட்டு ஸ்கூலுக்குப் போவாண்டாம். 1982 மண்டைக்காட்டு மதக்கலவரத்துல என்ன ஆச்சுன்னு பாத்த ஆளுவ நாங்க, நம்ம மாவட்டத்துல கடற்கரை, உள்நாடுன்னு ஒரு பேச்சு கெளம்புனா அது எட்டாம் கிளாஸ் பிள்ளைக்க விசயமா நிக்காது.

தூத்தூர்_பொண்ணு:
அக்கா நான் இப்ப காலேஜ் ரெண்டாம் வருசம், எனக்கும் இதே மூக்குப் பொத்தல் நடந்துருக்கு, அதனால எழுதுதேன். அவ பவுடர் போடுறத, துணிய ரெண்டு தடவ அலசுறத திட்டாதீங்க, ஆனா "உனக்க மேல ஒரு நாத்தமும் இல்ல மக்களே"ன்னு ஒரு தடவயாவது வாய்விட்டு சொல்லிருங்க, ஏன்னா நாளாக நாளாக நமக்கே சந்தேகம் வந்துரும். போனையும் பிடுங்காதீங்க ப்ளீஸ், போன் போயிரும்னு பயந்துதான் பாதி பிள்ளைய வீட்டுல சொல்லாது. ஸ்டிக்கர ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, யாரு அனுப்புனா, என்ன நேரம்னு தெரியணும், அதுக்குப் பிறகு ரிப்போர்ட் பண்ணுங்க.

எனக்கு நின்னது எப்படின்னா டீச்சராலயும் இல்ல, நான் தைரியமானதாலயும் இல்ல. கருங்கல்ல இருந்து வர்ற ஒரு பிள்ள ஒருநாள் எழும்பி வந்து எனக்க பக்கத்துல உக்காந்தா, அவ்வளவுதான், ஒண்ணும் பேசல, டிபன்ல இருந்த நெத்தோலி பொரிச்சதுல பாதிய எடுத்துத் தின்னா. ரெண்டாம் நாளும் வந்தா. பிறகு அவனுவளுக்கு சிரிக்க ஆள் கிடைக்கல.

தக்கலை_பழையவாத்தியார்:
இந்தப் பிள்ள சொன்னதுதான் காரியம். கனடாவுல ஸ்கூல் மைதானத்துல கேமரா வச்சிப் பாத்த ஒரு ஆய்வு 2001ல வந்துது, கூட நிக்கிற பிள்ளையில ஒண்ணு குறுக்க வந்தா பாதிக்கு மேல பத்து செகண்டுக்குள்ள நின்னு போவுதாம். பஸ்ல மூக்கப் பொத்துறது அஞ்சு பேருன்னா சிரிக்கிறது முப்பது பேரு, அந்த முப்பதுல உங்க மவளுக்கு கொஞ்சம் சிநேகமான ஒண்ணு ரெண்டு கண்டிப்பா இருக்கும். யாருன்னு அவளுட்டயே கேளுங்க, அந்த பிள்ளைக்க அம்மாட்ட பேசுங்க.

வேன்_மணி:
நான் ஸ்கூல் வண்டி ஓட்டுறவன். கண்ணாடில பாத்தா மூணாவது சீட்டு வர தெரியும், அதுக்குப் பின்னால என்ன நடக்குன்னு இரைச்சல்ல கேக்கவே செய்யாது, பொதுவா எல்லா வம்பும் கடைசி சீட்டுலதான். சீட்ட எழுதி ஒட்டச் சொல்லுங்க, சன்னல தொறன்னு சொல்ற பயல டிரைவருக்கு நேர் பின்னால உக்கார வைக்கச் சொல்லுங்க. உங்க மவள முன்னால மாத்துறோம்னு சொல்லுவாவ, ஒத்துக்கிடாதீங்க, மாறவேண்டியது அவன்.

அலைவாய்க்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி அவளுட்ட கேட்டேன், ரெண்டு பிள்ளைக்க பேரு சொன்னா, ஒருத்தி திங்கள்சந்தை ஸ்டாப்ல ஏறுறவ. கடுதாசி எழுதிட்டு இருக்கேன், திங்கக்கிழம நேர்ல போறேன். சாரே, ஹெச்எம் வாங்கமாட்டேன்னு சொன்னா என்ன செய்ய?

தக்கலை_பழையவாத்தியார்:
போஸ்ட் ஆபீஸ்ல ஸ்பீட் போஸ்ட்ல, டெலிவரி ஆனதுக்கு ஆதாரம் கேட்டு அனுப்புங்க, அத பத்திரமா வைங்க. அதுக்கும் அசையலன்னா பள்ளிக்கல்வித்துறைக்க 14417ல சொல்லுங்க, 1098 சைல்டுலைன் ராப்பகலா எடுப்பாவ. ஸ்டிக்கர் விசயம் நிக்கலன்னா சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல பெண்கள், குழந்தைகள்னு தனியா ஒரு பகுதி இருக்கு, அதுல போடலாம், ஆனா போட்டவனும் பதிமூணு வயசுப் பய, மொதல்ல அவனுக்க அப்பன் அம்மைக்கு ஒரு சந்தர்ப்பம் குடுத்துப் பாருங்க. கடுதாசிய அனுப்ப முந்தி இங்க போடுங்க, பேர மறைச்சிட்டு, நான் பாத்து சொல்லுதேன்.