ஆயில் கூலரைத் தாங்கும் பேஃபிளில் விரிசல்: வலுவூட்டியவர்களின் அனுபவங்கள்

ஓரிகனிலிருந்து, லைகோமிங் ஓ-360 எஞ்சின்:

சொந்தமாகக் கட்டிய இரண்டு இருக்கை உலோக விமானம் ஒன்றை வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் செய்யவேண்டிய ஆய்வுக்காக, எஞ்சினை மூடும் உறையான கௌலிங்கைக் கழற்றியபோது, நான்காம் சிலிண்டருக்குப் பின்னால் எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலரைத் தாங்கி நிற்கும் இடப்பக்கப் பேஃபிள் தகட்டில் (குளிர்காற்றைச் சிலிண்டர்களின் வழியே செலுத்தும் தடுப்புத் தகடு) ஒரு மயிரிழை விரிசலைக் கண்டேன். கூலரின் வெளிப்பக்க மேல் போல்ட்டில் தொடங்கி, தகட்டின் மடிப்பை நோக்கி அது ஓடியிருந்தது. விரிசலை முதலில் காட்டிக்கொடுத்தது அருகிலிருந்த இரண்டு ரிவெட்டுகள்தான். அவற்றைச் சுற்றி மை பூசியது போன்ற கரும்பொடி படிந்திருந்தது. தகடும் ரிவெட்டும் ஒன்றோடொன்று உரசும்போது அலுமினியம் இப்படித்தான் கருத்துப் பொடியும்.

இந்த நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 2,700 முறை சுழலும்போது, ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு சிலிண்டர்களில் எரிபொருள் வெடிப்பதால், மணிக்கு 3,24,000 அதிர்வுகள் அந்தத் தகட்டுக்குப் போய்ச் சேருகின்றன. 100 மணி நேரம் பறந்தால் மூன்று கோடியைத் தாண்டும். குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே எத்தனை முறை ஆட்டினாலும் எஃகு தாங்கிவிடும். அலுமினியத்திற்கு அத்தகைய எல்லை கிடையாது. 0.032 அங்குலத் தகட்டில், எண்ணெய் நிறைந்த கூலரை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டால் விரிசல் வந்தே தீரும்; எப்போது வரும் என்பதில்தான் வேறுபாடு.

பலரும் செய்வது, விரிசலின் மேல் ஒரு செவ்வகத் தகட்டை வைத்து ரிவெட் அடிப்பது. எங்கள் விமானத் தளத்தில் நிற்கும் வேறொரு விமானத்தில் அப்படிச் செய்திருந்தார்கள். ஒட்டுத் தகட்டின் ஓரத்தை ஒட்டியே, அளவுகோல் வைத்துக் கோடு போட்டாற்போல், அடுத்த விரிசல் இறங்கியிருந்தது. தடித்த பகுதி சட்டென்று முடியும் இடத்தில் வளைவு முழுவதும் குவிவதே அதற்குக் காரணம். தகட்டைத் தடிப்பாக்குவதைவிட, கூலரின் எடை எஞ்சினுக்குப் போய்ச்சேர ஒரு நேர்வழி அமைத்துக்கொடுப்பதுதான் நிலையான தீர்வு என்பது என் கருத்து.

ஆகவே பழைய தகட்டையே அச்சாக வைத்து 2024-டி3 என்ற அலுமினியக் கலவையில் புதுத் தகடு வெட்டினேன். கூலர் உட்காரும் இடத்தில் 0.063 அங்குல உள்தகடு ஒன்றைச் சேர்த்து, அதன் மூலைகளை உருட்டி, மடிப்பைத் தாண்டிப் பக்கத் தகடு வரை நீட்டினேன். கூலரின் வெளி விளிம்பு நெடுகிலும் முக்கால் அங்குல எல் வடிவ ஆங்கிள் பட்டை வைத்தேன். இறுதியாக, கூலரின் கீழ் வெளி மூலையிலிருந்து எஞ்சினின் உடற்கூடான கிராங்க் கேஸின் போல்ட் ஒன்றுக்கு ஒரு தாங்கு கம்பி கொடுத்தேன். இந்தக் கம்பியை எஞ்சினைத் தாங்கும் சட்டமான மவுண்ட்டிலோ, எஞ்சினையும் விமானி அறையையும் பிரிக்கும் தடுப்புச் சுவரான ஃபயர்வாலிலோ கட்டவே கூடாது. எஞ்சின் ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருப்பதால், ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் அது குலுங்குவது கண்ணுக்கே தெரியும். ஃபயர்வால் அசையாது. குலுங்குவதையும் குலுங்காததையும் கம்பியால் பிணைத்தால், கம்பி உடையும், அல்லது கூலரின் விளிம்பு கிழியும்.

விஸ்கான்சினிலிருந்து, பிறர் விமானங்களை ஆய்வு செய்யும் மெக்கானிக்:

நண்பர் சொன்ன இடம்தான் நான் மிகுதியாக விரிசல் காணும் இடமும். விரிசல் வழியே குளிர்காற்று ஒழுகி நான்காம் சிலிண்டர் சற்றுச் சூடாவதைப் பற்றியே பலர் கவலைப்படுகிறார்கள். அது சிறிய தொல்லை; கூலர் ஊசலாடி அதன் விளிம்போ ஹோஸ் இணைப்போ உடைந்தால், அந்த எஞ்சினில் இருப்பதே 8 குவார்ட் (சுமார் ஏழரை லிட்டர்) எண்ணெய்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். கூலரின் முன் விளிம்பில் மட்டும் போல்ட் போடாமல், இரண்டு விளிம்புகளுக்கும் இடையே குழாய்த் துண்டு கொடுத்து நீண்ட போல்ட்டாகப் போட்டால், விளிம்பு வளைந்து ஒடிவது பெரும்பாலும் நின்றுவிடும்.

மற்ற விரிசல்கள் பெரும்பாலும் கட்டும்போதே விதைக்கப்பட்டவை. மடிக்க வேண்டிய இடத்தை எஃகு ஊசியால் கீறிக் குறித்திருப்பார்கள். அந்தக் கீறலிலேயே பின்னாளில் தகடு பிளக்கும். மார்க்கர் பேனாவால் குறித்தால் போதும். இரண்டு மடிப்புகள் சந்திக்கும் மூலையில் ஒரு வட்டத் துளை வேண்டும். அதன் ஓரத்துப் பிசிறை நீக்கி, உப்புத்தாளால் மழமழவென்று தேய்க்க வேண்டும். கத்தரித்த ஓரங்களுக்கும் இதே வேலைதான். சலிப்பூட்டும் வேலை, மறுக்கவில்லை. ரிவெட் துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து துளை விட்டத்தைப்போல் இரு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி, காற்று நுழையும் முன்பக்கச் சரிவுத் தகடான ரேம்ப்பின் குறுகிய மூலைகளில்தான் அதிகம் மீறப்படுகிறது.

சிறிய விரிசலாக இருந்தால், அதன் நுனியில் எட்டில் ஒரு அங்குலத் துளை போட்டு நிறுத்தலாம். ஆனால் நுனி கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் சென்றிருக்கும். விரிசலுக்குள் ஊடுருவி அதைக் காட்டும் சாயம் பூசிப் பார்த்த பிறகே டிரில்லை எடுங்கள். வெல்டிங் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: 2024 அலுமினியம் சாதாரண வெல்டிங்கிற்கு ஒத்துவராது.

டெக்சாஸிலிருந்து, ஓ-320 எஞ்சின்:

நான் கூலரைப் பேஃபிளிலிருந்தே எடுத்துவிட்டேன். ஃபயர்வாலில் மாட்டி, பின் பேஃபிளிலிருந்து நான்கு அங்குல வளையும் குழாய் வழியாகக் காற்றைக் கொண்டுவருகிறேன். விரிசல் கவலை ஒழிந்தது. ஆனால் கோடையில் எண்ணெய்ச் சூடு முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே நிற்கிறது, எடையும் கொஞ்சம் ஏறிவிட்டது. குளிர்ப் பகுதியில் பறப்பவர்களுக்கு இது நல்ல வழி. இங்குள்ள வெயிலில் எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

மேலே யாரும் புரொப்பெல்லரைப் பற்றிச் சொல்லவில்லை. எஞ்சினை ஓடவிட்டபடியே புரொப்பெல்லரின் சமநிலையைச் சரிசெய்யும் டைனமிக் பாலன்சிங்கில் என்னுடைய அதிர்வின் வேகம் விநாடிக்கு 0.2 அங்குலத்துக்கு மேல் காட்டியது. சுழலும் பகுதியில் சில வாஷர்களைச் சேர்த்த பிறகு 0.07-க்குக் கீழே வந்தது. வெடிப்பின் அதிர்வை அது குறைக்காது என்றாலும், ஒவ்வொரு சுழற்சியிலும் தகடு வாங்கும் உதை குறைகிறது.

ஓரிகனிலிருந்து மீண்டும்:

பேஃபிளுக்கும் கௌலிங்கிற்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைக்கும் ரப்பர் சீலைப் பற்றித் தனிச் செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். சிலிகான் பூசிய கண்ணாடி இழைச் சீல், காற்றழுத்தத்தால் கௌலிங்கின் மேல் தானாகப் படிய வேண்டும். நாம் திணித்து அழுத்தி வைக்கக் கூடாது. உலோகத் தகட்டின் மேல் ஓரத்திற்கும் கௌலிங்கிற்கும் இடையே அரை அங்குலமாவது இடைவெளி இருந்தால்தான், எஞ்சின் குலுங்கும்போது தகடு கௌலிங்கில் இடிக்காது. கௌலிங்கின் உட்புறம் தேய்ந்த கோடு தெரிந்தால், அந்த இடத்தில் தகட்டின் மேல் ஓரத்தைக் குறைத்துவிட்டுச் சீலை மறுபடி பொருத்துங்கள்.