புதுப்பிப்பு: குரோம்ஃபோர்டு ஆலைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் டார்பிஷயரில் டெர்வென்ட் ஆறு கூப்பிடு தூரத்தில் ஓட, 1771இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் தொடங்கிய குரோம்ஃபோர்டு நூற்பாலை, சக்கரம் சுழற்ற அந்தத் தண்ணீரை ஏன் எடுக்கவில்லை என்று முந்தைய இழையில் கேட்டிருந்தேன்.

மைலுக்கு ஆறு அங்குல அளவுள்ள பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டிஷ் நில அளவைத் துறை) வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் விடை கிடைத்தது. ஆற்றை விட்டுவிட்டு மேற்கே போங்கள். போன்சால் ஓடையைக் குளம் குளமாகத் தேக்கி வைத்திருக்கிறார்கள். இதோடு சேர்ந்தது, ஈயச் சுரங்கங்களின் நீரை வடிக்க மலைக்குள் வெட்டிய வடிகால். பூமிக்குள்ளிருந்து வெதுவெதுப்பாக வருவதால் அந்த நீர் குளிர்காலத்திலும் உறையாது. ஆலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

அப்புறம்தான் சிக்கல். இன்னும் ஆழத்தில் வெட்டிய மீர்புரூக் என்ற மற்றொரு சுரங்க வடிகால் அந்த நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. வழக்கு நீதிமன்றம் போனது. சுரங்கத்தார் வடித்துவிடும் நீருக்கு ஆலை உரிமை கோர முடியாது என்று 1839இல் தீர்ப்பு. 1840களில் குரோம்ஃபோர்டில் நீர்வரத்து குன்றிவிட்டது. டெர்வென்ட்டிலேயே சக்கரம் வைத்த மாசன் ஆலைக்கு (1783) இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து அதே ஆற்றில் பெல்பர் ஊரிலுள்ள குதிரைலாட வடிவ அணையைப் பார்க்கப்போகிறேன்.