புதுப்பிப்பு: ரோபோ வாக்குவம் மெயின் பிரஷ் சிக்கல் சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிரஷில் முடியே தெரியவில்லை, ஆனாலும் ஓட ஆரம்பித்த சில நொடிகளில் 'மெயின் பிரஷ் சிக்கியுள்ளது' என்று நின்றுவிடுகிறது என்பதுதான் கேள்வி.

மோட்டார் பழுதாகவில்லை. பிரஷைக் கழற்றிவிட்டு ஓடவிட்டபோது அது மாட்டும் சதுரக் குழி தடையின்றிச் சுற்றியது. "முனை மூடியைக் கழற்றிப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி.

ஸ்விட்சை அணைத்துக் கவிழ்த்து, பிரஷை மூடியிருக்கும் காப்புச் சட்டத்தின் (guard) கிளிப்புகளை அழுத்தினால் பிரஷ் கையோடு வரும். சதுர முனையை விடுங்கள், அது மோட்டார் பக்கம். மறுமுனையின் பேரிங் மூடியை நேராக இழுங்கள். அதற்கும் அச்சுக்கும் நடுவே நீள முடி வளையமாக இறுகி, பேரிங்கை அசையவிடாமல் பிடித்திருந்தது. வெளியே பார்த்தால் சத்தியமாகத் தெரியாது. சின்னக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டி, ட்வீசரால் உருவினால் போதும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், தூசி ஒட்டிப் பசையாகிவிடும்.

எதிர்பாராதது: முடியோடு தேங்காய் நாரும் வந்தது, வாசல் மிதியடியின் உபயம். பக்க பிரஷின் ஸ்க்ரூவுக்கு அடியிலும் அதேதான். மிதியடி கிடக்கும் இடத்தை இப்போது ஆப்பில் தடைப் பகுதியாகக் குறித்தாயிற்று.