எட்டாத இலக்கு வைக்கப்பட்ட இடங்களில் நாங்கள் கண்டவை: அனுபவப் பகிர்வு

ஓசூர், பிரஸ் ஷாப், உற்பத்தித் திட்டமிடல்:

வாகன உதிரிபாகங்களுக்குத் தகடு அழுத்தும் ஒரு தொழிற்சாலையில் நான் திட்டமிடலைக் கவனித்துவந்த காலத்தில் நடந்ததை எழுதுகிறேன். எங்களிடம் இருந்த பெரிய பிரஸ்ஸில், அதாவது தகடு அழுத்தும் இயந்திரத்தில், தகட்டுக்கு வடிவம் தரும் அச்சான டை ஒன்றைக் கழற்றி, அடுத்த டையை மாட்டி, முதல் நல்ல உருப்படியை எடுப்பதற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். ஆண்டுத் தொடக்கத்தில் நிர்வாகம் பத்து சதவீதம் குறைக்கச் சொல்லும். நாங்களும் குறைத்துக் காட்டுவோம். தீபாவளி நெருங்கும்போது அது பழைய நேரத்துக்கே திரும்பியிருக்கும். பத்து சதவீதம் என்பது ஆட்களைச் சற்று விரைந்து நடக்க வைக்கும் இலக்கு. செய்யும் முறையை யாரும் தொட வேண்டியதில்லை.

புதிதாக வந்த ஆலை மேலாளர் ஒருநாள் காலைக் கூட்டத்தில், பலகையில் “15 நிமிடம்” என்று எழுதினார். எங்கள் ஃபோர்மேன், எல்லோரும் அண்ணன் என்றே அழைக்கும் மூத்தவர், “சார், கிரேன் வந்து சேருவதற்கே அவ்வளவு நேரம் ஆகுமே” என்றார். மேலாளர் கோபப்படவில்லை. “அப்படியானால் கிரேனிலிருந்தே தொடங்குவோம், அண்ணே” என்றார்.

அன்று அவர் சொன்ன பழைய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1969-இல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ் ஒன்றின் டை மாற்றத்துக்கு நான்கு மணி நேரம் பிடித்தது. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் அதே வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்துக்கொண்டிருந்தது. ஷிகியோ ஷிங்கோ என்ற தொழிற்பொறியாளர் ஆறு மாத உழைப்பில் அதை 90 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். நிர்வாகம் அதோடு நிற்காமல் மூன்று நிமிடத்துக்குள் வேண்டும் என்றது. ஒரு கணம் திகைத்துப் போனதாக ஷிங்கோவே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆனால் இயந்திரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு செய்யும் வேலைகளில் எவற்றையெல்லாம் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவிடலாம் என்ற கேள்வியை முழுமையாகக் கையில் எடுக்க அந்தத் திகைப்புதான் காரணமாயிற்று. மூன்று மாதங்களில் அந்த இலக்கையும் அடைந்தார்கள்.

எங்கள் ஷாப்பில் ஓர் இளைஞரிடம் கடிகாரத்தையும் தாளையும் கொடுத்து, டை மாற்றத்தின்போது யார் எங்கே நிற்கிறார், எதற்காக நிற்கிறார் என்பதை மட்டும் குறிக்கச் சொன்னோம். அந்தத் தாளைப் படித்தபோது எங்களில் எவருக்கும் பேச்சு வரவில்லை, ஏனென்றால் மூன்று மணி நேரத்தில் பாதிக்கு மேல் எவரும் எதையும் கழற்றவோ மாட்டவோ இல்லை. பக்கத்து வரிசையில் வேறு வேலையில் இருந்த கிரேனுக்காகக் காத்திருந்தார்கள். சரியான நீளமுள்ள போல்ட்டை டப்பாவில் துழாவினார்கள். முதல் உருப்படியை அளந்து பார்க்கத் தரக்கட்டுப்பாட்டு ஆள் வரும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு டையும் ஒவ்வோர் உயரத்தில் இருந்ததால், பிரஸ் முழுதாக இறங்கிய நிலையில் மேலும் கீழும் இருக்க வேண்டிய இடைவெளியை, அதாவது மூடும் உயரத்தை, ஒவ்வொரு முறையும் தடவித் தடவிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதற்கே பெருநேரம் போனது.

அதன்பின் நடந்தவற்றில் வீரச்செயல் எதுவும் இல்லை. டைகளின் அடியில் கனத் தகடுகளைப் பொருத்தி எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தோம். போல்ட்டுகளை ஒரே நீளமாக்கினோம். போல்ட்டைப் பொறுத்தவரை பிடிப்பைத் தருவது கடைசிச் சுற்று மட்டுமே, அதற்கு முந்தைய சுற்றுகள் எல்லாம் வெறும் கைவேலை என்பதை அண்ணன்தான் முதலில் சொன்னார். ஷிங்கோவும் அதையே சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது அவருக்கு ஏற்பட்ட பெருமிதம் சாதாரணமானதன்று. பழைய டையின் கடைசி உருப்படி விழும் முன்பே அடுத்த டை டிராலியில் ஏறி பிரஸ்ஸின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது விதியாயிற்று. டையை இறுகப் பிடிக்கும் ஹைட்ராலிக் கிளாம்புகளுக்கு மேலாளர் பணம் வாங்கித் தந்தார். மாற்றங்களைச் செய்து முடிக்கச் சில ஞாயிறுகளில் பிரஸ்ஸை நிறுத்தி வைக்கவும் அனுமதித்தார்.

15 நிமிடத்தை நாங்கள் எட்டவில்லை. இருபதைச் சற்றே தாண்டி நின்றது. அதற்காக ஒருவர்மீதும் நடவடிக்கை இல்லை, ஊக்கத்தொகையிலும் கை வைக்கவில்லை. அந்த எண்ணை அவர் ஒரு கேள்வியாகத்தான் வைத்தார் என்பதற்கு எனக்கு இதைவிடச் சான்று தேவைப்படவில்லை.

ஆனால் அதே எண்ணை இன்னோர் ஆலைக்கு அனுப்பியபோது நடந்தது வேறு. அங்கே டிராலியும் இல்லை, கிளாம்பும் இல்லை, நிறுத்த நேரமும் இல்லை. “ஓசூரில் செய்தார்களே” என்ற கடிதம் மட்டும் போனது. சில வாரங்களில் அங்கிருந்தும் அழகான எண்கள் வரத் தொடங்கின. நேரில் போய்ப் பார்த்தால், டையைக் கிளாம்ப் செய்தவுடனே கடிகாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். முதல் நல்ல உருப்படி வரும்வரை விழும் கழிவுத் தகடுகள் பெட்டி பெட்டியாக ஷெட்டின் பின்புறம் கிடந்தன.

அனல்மின் நிலையப் பராமரிப்பு, ஒப்பந்தப் பணி:

ஓசூர் நண்பர் சொன்ன காத்திருப்பு எங்கள் துறையிலும் அப்படியே உண்டு. ஒரு யூனிட்டை, அதாவது கொதிகலனும் டர்பைனும் சேர்ந்த ஒரு மின்னுற்பத்தித் தொகுதியை, பெரிய பராமரிப்புக்காக நிறுத்தும்போது, ஒரு மாதம் என்று போட்ட திட்டத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கச் சொன்னால் முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு உட்கார்ந்து பார்த்தால், கொதிகலனுக்குள் சாரம் கட்டுவதிலும், பணி அனுமதிச் சீட்டுக்குக் கையெழுத்து வாங்குவதிலும், பிரித்துப் பார்த்த பிறகு உதிரிபாகத்துக்கு ஆர்டர் போடுவதிலும் நாட்கள் கரைவது தெரியும். அவற்றைக் குறைக்க நானும் ஒத்துழைத்திருக்கிறேன், குறைந்தும் இருக்கிறது.

நான் எழுத வந்தது அதன் மறுபக்கம். ஒரு நிறுத்தத்தில் முதன்மை நீராவிக் குழாயில் உயர் வெப்பத்தைத் தாங்கும் பி91 என்ற வகை எஃகு இணைப்பு ஒன்றை வெட்டி மீண்டும் வெல்டு செய்ய நேர்ந்தது. இந்த எஃகுக்கு வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் வெப்பம் கொடுக்க வேண்டும். வெல்டிங் முடிந்தபின் ஏறத்தாழ 760 டிகிரி செல்சியசில், குழாயின் கனத்துக்கு ஏற்ற நேரம்வரை அந்த வெப்பத்திலேயே ஊற வைத்து, பிறகு மெதுவாக ஆற விட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் வெல்டு கடினமாகவும் நொறுங்கும் தன்மையோடும் நின்றுவிடும். வெளித்தோற்றத்தில் இப்படிச் செய்த வெல்டுக்கும் செய்யாத வெல்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

திட்ட அறையில் பெரிய திரையில் மணி நேரக் கணக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. பின்தங்கிய வேலைகள் சிவப்பில் தெரியும்; எங்கள் இணைப்பும் சிவப்பில் இருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு ஓர் அதிகாரி வந்து, “ஊற வைக்கும் நேரத்தைப் பாதியாக்கினால் என்ன ஆகும்?” என்று கேட்டார். வெப்பப் பதிவுக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீசியன், மிக இளையவர், வரைபடத்தாளைக் காட்டி, “சார், இந்தக் கோடு இப்படியே தட்டையாகப் போக வேண்டும், நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நிறுத்திவிடுகிறேன்” என்றார். அதிகாரி கையெழுத்துப் போடவில்லை. கோடு தட்டையாகவே போனது. அன்று அந்தப் பையன் பணிந்திருந்தால், திரையில் சிவப்பு பச்சையாகியிருக்கும், அந்த யூனிட் சாதனை நேரத்தில் ஓடத் தொடங்கியிருக்கும், குழாய்க்குள் இருந்த குறை எத்தனை காலம் கழித்து வெளியே வந்திருக்குமோ.

ஆகவே, ஆள் காத்திருக்கும் நேரத்தின்மீது எவ்வளவு கடுமையான இலக்கை வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. எஃகு ஆறுவதற்கும் கான்கிரீட் இறுகுவதற்கும் ஆகும் நேரத்தின்மீது அதை வைத்தால், பதிவேட்டில் பொய்தான் விளையும். திட்டம் போடுகிறவர் இரண்டையும் ஒரே பட்டியலில் ஒரே நிறத்தில் காட்டுவதே தவறு என்பது என் கருத்து.

மண்டபம், ரயில்வேயில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்:

எங்கள் பக்கத்துப் பழைய பாம்பன் ரயில் பாலத்தை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தூண்களுக்கு மேலே தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களான கர்டர்களில் பெரும்பாலானவை, 126 என்பது பதிவாகியுள்ள எண், கடலில் விழுந்தன. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி தப்பியது. ரயில்வே ஆறு மாதம் என்று இலக்கு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாட்களில் பாலத்தை மீட்டெடுத்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூத்த பணியாளர்கள் இதைப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் பேச்சில் 46 என்ற எண்ணைவிட, கடலுக்கு அடியில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து மீண்டும் பொருத்தியதுதான் பெரிதாக இருக்கும். புதிய கர்டர்கள் எங்கிருந்தாவது வந்து சேரும் என்று காத்திருந்தால் ஆறு மாதமே நியாயமான கணக்கு. அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டபோதுதான் நாட்கள் குறைந்தன. ஆட்களை இருமடங்கு ஓட விட்டிருந்தால் குறைந்திருக்காது. தூண்கள் பெரும்பாலும் நின்றிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவற்றையும் புதிதாக எழுப்ப நேர்ந்திருந்தால் எந்த இலக்கும் 46 நாளைக் கொடுத்திருக்காது.

ஓசூர், பிரஸ் ஷாப் (மீண்டும்):

ஒருவர் தனிச்செய்தியில், டை மாற்ற நேரத்தை அளக்கும் கடிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று கேட்டிருந்தார். நாங்கள் கடைப்பிடித்தது இது: பழைய டையின் கடைசி நல்ல உருப்படி விழுந்ததிலிருந்து, புதிய டையின் முதல் நல்ல உருப்படியைத் தரக்கட்டுப்பாடு கையெழுத்திட்டு ஏற்கும்வரை. நேரத்தை எழுதுகிறவர் உற்பத்திப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. அதே தாளில் கழிவுத் தகட்டின் எடைக்கு ஒரு கட்டமும் இருந்தது; அது காலியாக இருந்தால் அந்த மாற்றத்தைக் கணக்கில் சேர்க்கமாட்டோம்.