12 வருசத்துக்குப் பிறகு திரும்பவும் பேஸ்: எந்தக் கிட்டார், எந்த அம்ப்?

கடலோரம்:

வணக்கம். 12 வருசமா பேஸ் தொடேல்ல. இப்ப திரும்பத் தொடங்கப் போறன். பழைய கிட்டாரும் அம்பும் கையில இல்லை, எல்லாம் புதுசா எடுக்கவேணும்.

இருக்கிறது வெள்ளவத்தையில, கடல் பக்கத்து ஒழுங்கையில ஒரு ஃபிளட், மூண்டாம் மாடி. கீழ் வீட்டில கைக்குழந்தை. எனக்கு நேரம் கிடைக்கிறது இரவு ஒன்பதுக்குப் பிறகுதான். ஞாயிறுகளில சேர்ச்சில வாசிக்கவேணும். அங்க பேஸ் அம்ப் இல்லை, நேர மிக்சருக்குத்தான் போகும். மாதத்தில ஒருக்கா பிராக்டிஸ் ரூம், அங்க அசல் ட்ரம்ஸ். கூட வாசிக்கப்போறது பைலாவும் எண்பதுகளின்ர சினிமாப் பாட்டுகளும்.

கடையில 5 கம்பி ஆக்டிவ் பேஸ்தான் நல்லம் எண்டு சொல்லினம். என்ர கை சின்னது. சுண்டுவிரலை நீட்டினால் இடது மணிக்கட்டு நோகுது. ஷோர்ட் ஸ்கேல் எடுக்கிறதோ? 15 வாட்ஸ் அம்ப் காணுமோ? டொரொண்டோவில இருக்கிற தம்பி மார்கழியில வரேக்க அம்ப் ஒண்டு கொண்டு வாறன் எண்டுறான், ஓம் எண்டு சொல்லலாமோ?

நாலுகம்பி:

அக்கா, நீங்கள் சொன்ன பாட்டுகளுக்கு 4 கம்பி தாராளம். ஐஞ்சாவது கம்பி, அந்தக் கீழ் ‘பி’, 30.9 ஹேர்ட்ஸ். அதை அடிச்சுரத்தோட கேக்கப் பண்ணுற ஸ்பீக்கர் சின்ன அம்ப் ஒண்டிலயும் இல்லை. நட்டடியில (தலைப்பக்கம் கம்பிகள் தங்கிற இடம்) நெக்கின்ர அகலம் 4 கம்பியில 38 இருந்து 42 மில்லிமீற்றர். 5 கம்பியில 45 ஐத் தாண்டும், மணிக்கட்டு இன்னும் மடியும். வாசிக்காத கம்பி தானா முழங்காமல் அமத்தி வைக்கிறதும் கூடுதல் வேலை. பாட்டு டி-யில வந்தால் ‘ஈ’ கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்குங்கோ, கீழ் டி வந்திடும். உங்கட கொயர் அடிக்கடி ஈ ஃபிளட் சுதியில பாடுற கொயர் எண்டால் மட்டும் 5 கம்பியைப் பற்றி யோசிக்கலாம்.

ஆக்டிவும் இப்ப தேவையில்லை. உள்ளுக்குள்ள 9 வோல்ட் பற்றரியில ஓடுற ப்ரீஅம்ப் அது. கேபிளைச் செருகினாலே ஓன் ஆகும். இரவு கழட்ட மறந்தால் பற்றரி இறங்கிக்கொண்டே இருக்கும். இறங்கேக்க சத்தம் ஒரேயடியா நிக்காது. அழுத்தி வாசிக்கிற இடங்களில முதல்ல கரகரக்கும், அம்ப் பழுதாக்கும் எண்டு தேடிக்கொண்டு இருப்பியள். பாஸிவ் எண்டால் பற்றரி இல்லை, ரெண்டு பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கிற காந்தம்), மூண்டு நொப், அவ்வளவுதான்.

இனி ஸ்கேல், அதாவது கம்பி அதிர்ற நீளம். லோங் ஸ்கேல் 34 இஞ்சி, ஷோர்ட் 30 இஞ்சி. முதலாம் ஃபிரெட்டில (நெக்கில குறுக்கா இருக்கிற உலோகக் கோடு) இருந்து நாலாம் ஃபிரெட் வரை விரல் விரிக்கவேண்டிய தூரம் 34 இல 130 மில்லிமீற்றர், 30 இல 114. வித்தியாசம் 16 மில்லிமீற்றர்தான், ஆனால் உங்கட நோவுக்கு அது பெரிசா இருக்கலாம். காசு குடுக்க முதல் இப்பிடிப் பாருங்கோ: 34 இஞ்சிக் கிட்டாரில ரெண்டாம் ஃபிரெட்டில கப்போ (எல்லாக் கம்பியையும் அமத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டால் மிச்சக் கம்பி 30.3 இஞ்சி. அதாவது ஷோர்ட் ஸ்கேலின்ர அளவு அப்பிடியே உங்கட கைக்குள்ள. கப்போவோடயும் இல்லாமலும் பத்துப் பத்து நிமிசம் வாசியுங்கோ. கப்போ போட்டும் நோகுது எண்டால் ஸ்கேலில பிழையில்லை, கை பிடிக்கிற விதத்திலதான் பிழை.

அநேகமா அதுதான் காரணமா இருக்கும். முதல் ஐஞ்சு ஃபிரெட்டுக்குள்ள விரலுக்கு ஒரு ஃபிரெட் எண்டு விரிக்க வேண்டியதில்லை. டபிள் பேஸ்காரர் செய்யிற மாதிரி சுட்டுவிரல், நடுவிரல், பிறகு மோதிரவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து. நாலு விரலுக்கு மூண்டு ஃபிரெட். நாலாவது தேவைப்பட்டால் கையை நகர்த்துங்கோ, பெருவிரலையும் கூடக் கொண்டு போங்கோ. ஸ்ட்ராப்பை இருந்து வாசிக்கிற உயரத்துக்கே நிண்டும் வரக் கூடியதாக் கட்டுங்கோ, நெக் தலைப்பக்கம் மேல சாய்ஞ்சு நிக்கட்டும், மணிக்கட்டு நேராகும். விரலை ஃபிரெட்டுக்கு ஒட்டினாப்போல வையுங்கோ. நடுவில அமத்தினால் கூட பலம் வேணும். முதல் மாதம் 15 நிமிசம் வாசிப்பு, 5 நிமிசம் ஓய்வு. விரல் விறைச்சால் வாசிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு டொக்டரிட்டக் காட்டுங்கோ.

34 எண்டால் யமாஹா டிஆர்பிஎக்ஸ் 174 (பாஸிவ், பீ-யும் (பிரிசிஷன்) ஜே-யும் (ஜாஸ்) சேர்ந்த பிக்கப்) அல்லது ஸ்குவையர் அஃபினிட்டி ஜாஸ் பேஸ். 30 எண்டால் ஐபனேஸ் டிஎம்பி 30.

ஒலிமேடை:

உங்களுக்கு வேண்டியது மூன்று வெவ்வேறு இடங்களுக்கான சத்தம். ஒரே பெட்டியால் மூன்றையும் சமாளிக்கப் பார்த்தால் மூன்றிலும் குறை வரும்.

இரவில் வீட்டுக்கு ஹெட்ஃபோன்தான். கீழ் ‘ஈ’ 41 ஹேர்ட்ஸ். அந்த ஒலியின் அலைநீளம் 8 மீற்றருக்கும் அதிகம். கொங்கிறீட் தளம் அதை அப்படியே கீழ் வீட்டுக்குக் கடத்தும். அம்பை எவ்வளவு குறைத்தாலும் அவர்களுக்குப் பாட்டுக் கேட்காது, ‘தும் தும்’ மட்டும் கேட்கும். கிட்டாரிலேயே செருகும் வொக்ஸ் அம்ப்ளக் பேஸ் போன்ற சின்னக் கருவியும், காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோனும் போதும். காதுக்குள் வைக்கும் மலிவான இயர்ஃபோனில் கீழ்ச்சுரம் வராது. அதை ஈடுசெய்ய நீங்கள் அழுத்தி வாசிக்கத் தொடங்குவீர்கள், அந்தப் பழக்கம் கைக்குக் கேடு. பகலில் அம்ப் போட்டால் தரையில் வைக்காமல், அடர்த்தியான ஃபோம் மேல் வையுங்கள்.

சேர்ச்சுக்கு அம்பைவிட டிஐ பொக்ஸ் (கிட்டாரின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் சின்னப் பெட்டி) முக்கியம். பாஸிவ் பேஸை மிக்சரின் சாதாரண லைன் உள்ளீட்டில் நேராகச் செருகினால் சத்தம் மங்கிப்போகும். பிக்கப்புக்கு ஒரு மெகாஓம் அளவு உள்ளீட்டுத் தடை வேண்டும். லைன் உள்ளீட்டில் அநேகமாக 10 அல்லது 20 கிலோஓம்தான் இருக்கும். மேல்சுரங்களை அது விழுங்கிவிடும். ஆக்டிவ் டிஐ பொக்ஸ் மிக்சரின் 48 வோல்ட் ஃபேன்டமில் (மைக் கேபிள் வழியாகவே மிக்சர் அனுப்பும் மின்சாரம்) ஓடும், தனி மின்சாரம் தேவையில்லை. நடுவில் எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்குப் போடும் மூன்று முனைக் கேபிள்) போவதால் மேடையிலிருந்து மிக்சர் வரை 20 மீற்றர் என்றாலும் இரைச்சல் ஏறாது.

அடுத்தது ட்ரம்ஸ். அதற்கு 15 வாட்ஸ் காணாது. வாட்ஸ் இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். 15 இலிருந்து 100 க்குப் போனால் 8 டெசிபலுக்குச் சற்று மேல். அதோடு 12 இஞ்சி ஸ்பீக்கரின் பரப்பு 8 இஞ்சியைப்போல் இரண்டேகால் மடங்கு. பேஸுக்குத் தேவை நகரும் காற்று. ஃபென்டர் ரம்பிள் வரிசையில் 25 க்கு 8 இஞ்சி, 40 க்கு 10 இஞ்சி, 100 க்கு 12 இஞ்சி. 25 இல் எக்ஸ்எல்ஆர் வெளியீடு இல்லை. 40 இலும் 100 இலும் உண்டு. 100 சுமார் 10 கிலோ, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கும் ஒரு கையால் தூக்கலாம். பிராக்டிஸ் ரூமில் பேஸ் அம்ப் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் வீட்டுக்கு 40 போதும். இல்லாவிட்டால் 100. சாதாரண கிட்டார் அம்பில் மட்டும் சத்தமாகப் பேஸ் வாசிக்க வேண்டாம்: அதன் ஸ்பீக்கர் கூம்பு அந்த அளவு முன்பின் போவதற்குச் செய்யப்பட்டதல்ல.

தம்பியிடம் அம்ப் கேட்க வேண்டாம். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. அம்பின் பின்பக்கத் தகட்டில் 100–240 என்று இருந்தால் அல்லது வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருந்து அதை 230 இல் வைத்தால் மட்டுமே நேராகச் செருகலாம். 120 மட்டும் போட்ட அம்பை இங்கே செருகினால் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்போமர் போடலாம், ஆனால் அம்ப் எடுக்கும் அளவைவிட வசதியாகப் பெரியது வேண்டும்; பாரமும் அதிகம், ஒவ்வொரு பிராக்டிஸுக்கும் சுமக்க வேண்டும். தகட்டில் 60 ஹேர்ட்ஸ் மட்டும் இருந்தால் நமது 50 இல் அம்புக்குள் இருக்கும் ட்ரான்ஸ்போமர் கூடுதலாகச் சூடாகும். அவர் கொண்டுவருவதானால் கிட்டாரையும் கம்பி செட்டுகளையும் கொண்டுவரட்டும், அவற்றுக்கு வோல்டேஜ் பிரச்சினை இல்லை.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். 13 அம்பியர் மூன்று முனை ப்ளக்கை எர்த் இல்லாத இரண்டு முனை அடப்டரில் செருகுவது கொழும்பில் சாதாரணம். பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகள் மாட்டும் உலோகத் தகடு) வழியாக அம்பின் எர்த்தோடு இணைந்தவை. அந்த எர்த் அறுந்திருக்கும்போது உங்கள் உதடு மைக்கில் பட்டால் ஷொக் அடிக்கலாம். கம்பியைத் தொடும்போது இரைச்சல் குறைவது வழக்கம், ஆனால் எர்த் சரி என்பதற்கு அது மட்டும் சான்றல்ல. தொடும்போது கூடினால் வாசிக்காதீர்கள், ப்ளக் பொயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுதி:

அக்கா, புதுசுக்குப் போற காசில பாஸிவ் பேஸ் ஒன்றை செகண்ட்ஹேண்ட்ல எடுத்து, மிச்சத்தை அம்புக்கும் செட்டப்புக்கும் போடலாம். ஆனா கடலோர வீட்டுச் சாமான் என்றால் உப்புக்காத்து எங்க வேலை பார்த்திருக்கு என்று தேடிப் பாருங்க.

முதல்ல பிரிட்ஜ். சேடல் (ஒவ்வொரு கம்பியும் தங்கிற சின்னத் துண்டு) உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சின்ன ஸ்க்ரூ எட்டும் திரும்புதா? ஒன்று துருவில இறுகியிருந்தா அந்தக் கம்பியை ஒருநாளும் சரிபண்ண ஏலாது. பிறகு ட்ரஸ் ரொட் (நெக்கின் வளைவைச் சரிபண்ண அதுக்குள்ள ஓடுற உலோகக் கோல்): சொந்தக்காரர்கிட்ட கேட்டு, எட்டில ஒரு சுற்று மட்டும் திருப்பிப் பாருங்க, பிறகு பழைய இடத்துக்கே விடுங்க. முழுசா இறுகி முடிஞ்சிருந்தா எவ்வளவு மலிவா இருந்தாலும் வேணாம். அம்பில போட்டு எல்லா நொப்பையும் முழுசாத் திருப்புங்க. கரகரப்பு கொன்டக்ட் கிளீனர் அடிச்சா போகும், அதுக்கு விலையைக் குறைக்கக் கேக்கலாம். ஒவ்வொரு கம்பியிலயும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் வாசிங்க. தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி நெக்கைப் பாருங்க, ரெண்டு ஓரமும் ஒரே கோட்டில வரணும். வில்லா வளைஞ்சிருந்தா ரொட் சரிசெய்யும், முறுக்கினதை ஒன்றும் செய்யாது.

ஜாஸ் பேஸ் என்றா ஒன்று தெரிஞ்சு வைங்க. ரெண்டு பிக்கப் வொல்யூமும் ஒரே அளவில இருந்தா இரைச்சல் ஒன்றையொன்று வெட்டும். ஒன்றைக் குறைச்சா ‘ம்ம்ம்’ என்று வரும். எலக்ட்ரோனிக் ஃபேன் ரெகுலேட்டர் ஓடுற அறையில அது இன்னும் கூடும். பீ (பிரிசிஷன்) பேஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஃபிளட்ல இருக்கிற ஆளுக்கு அதனாலயே நான் பீ-தான் சொல்வேன்.

கம்பி விஷயத்தில நாலுகம்பி அண்ணா ஒன்றும் சொல்லல்ல. கை நோகிறவங்களுக்கு 45–105 செட் (கம்பித் தடிப்பு, இஞ்சியில ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) பாரம். முழு செட்டும் சேர்ந்து நெக்கை இழுக்கிறது 80 கிலோ அளவு. 40–95 போடுங்க, விரலுக்கு உடனே தெரியும். கடல் பக்கம் சாதாரண ரவுண்ட்வூண்ட் கம்பியின் (மேல உருண்டைக் கம்பி சுத்தினது) பள்ளங்களுக்குள்ள வேர்வையும் உப்பும் போய் உக்காரும், சீக்கிரமே செத்த சத்தம். ஃபிளட்வூண்ட் (தட்டைக் கம்பி சுத்தினது) அப்பிடியில்ல, பல வருஷம் ஓடும். எண்பதுகளின் சினிமாப் பாட்டு பேஸ்ல இருக்கிற அந்த உருண்ட சத்தத்துக்கும் அதுதான் கிட்ட வரும். ஆனா சில ஃபிளட்வூண்ட் இறுக்கம் கூட, பெட்டியில ‘லோ டென்ஷன்’ என்று போட்டதைப் பார்த்து எடுங்க. வாசிச்ச பிறகு ஒவ்வொரு கம்பியையும் அடியிலயும் சேர்த்துத் துணியால துடைங்க. கேஸுக்குள்ள சிலிக்கா ஜெல் வைங்க, நிறம் மாறுற வகை நல்லது, காய வைச்சு திரும்பப் பாவிக்கலாம்.

கடலோரம்:

மூண்டு பேருக்கும் நன்றி. கப்போ வைச்சுப் பாத்தன். நாலு விரலுக்கு மூண்டு ஃபிரெட் எண்டு பிடிச்சால் 34 இலயே நோவில்லை, அதனால 34 தான். பாவிச்ச டிஆர்பிஎக்ஸ் 174 ஒண்டு வாங்கியாச்சு. பிராக்டிஸ் ரூமில அம்ப் இருக்காம், அதால ரம்பிள் 40 எடுக்கிறன். 40–95 கம்பி போட்டவுடன கீழ் ஃபிரெட்டுகளில மட்டும் கம்பி தட்டுது, ஒண்டில இருந்து நாலு வரைக்கும். முதல் அப்பிடி இல்லை. சேடலைக் கூட்டவோ?

நாலுகம்பி:

சேடலைத் தொடாதையுங்கோ அக்கா. மெல்லிய கம்பி நெக்கைக் குறைவா இழுக்கும்; ரொட் பழைய இறுக்கத்திலயே நிக்கிறபடியா நெக் பின்னுக்கு வளைஞ்சிட்டுது. 12 க்கு மேல தட்டினால்தான் சேடலையும் பாக்கவேணும்.

சரியாச் சுதி சேத்துப்போட்டு, முதலாம் ஃபிரெட்டில கப்போ போடுங்கோ. நெக் உடம்போட சேர்ற இடத்து ஃபிரெட்டில ‘ஈ’ கம்பியை அமத்துங்கோ. இப்ப ஏழாம், எட்டாம் ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடைவெளி எவ்வளவு? 0.3 இருந்து 0.35 மில்லிமீற்றர் வேணும். வாகன ப்ளக் கேப் பாக்கிற ஃபீலர் கேஜ் ஹார்ட்வெயார் கடையில எடுக்கலாம். உங்களுக்கு இடைவெளியே இராது எண்டு நினைக்கிறன். ரொட்டை இடப்பக்கமா, கடிகாரத்துக்கு எதிரா, எட்டில ஒரு சுற்று. திரும்பச் சுதி சேத்து அளவுங்கோ. ஒரு தடவையில கால் சுற்றுக்கு மேல போகாதையுங்கோ. மரம் அடுத்த நாளும் கொஞ்சம் அசையும், விடியத் திரும்ப அளக்கவேணும். அலன் கீ இறுக்கமாப் பொருந்தாட்டில் திருப்பவே வேண்டாம். இஞ்சி அளவுச் சாவியை மில்லிமீற்றர் நட்டில போட்டால் அறுகோணம் வட்டமாகிப்போகும், பிறகு அதை எடுக்கிறது பெரிய வேலை.

அது சரியான பிறகுதான் உயரம். 12 ஆம் ஃபிரெட்டில ‘ஈ’ அடியில 2.5, ‘ஜி’ அடியில 2 மில்லிமீற்றர். கடைசியா இன்டொனேஷன் (நெக் முழுக்கச் சுதி சரியா வாறது): 12 இல அமத்தின சுரம் ட்யூனரில ஹார்மொனிக்கை (அதே இடத்தில கம்பியை அமத்தாமல் தொட்டு வாசிக்கிற சுரம்) விடக் கூடினால் சேடலைப் பின்னுக்கு இழுங்கோ, குறைஞ்சால் முன்னுக்கு. ஏசி போட்ட அறையில செட் பண்ணிப்போட்டு வெக்கையில வாசிச்சால் அளவு மாறும். நீங்கள் வழக்கமா வாசிக்கிற அறையில வைச்சே செய்யுங்கோ.

கடலோரம்:

அளந்து பாத்தன், ஒரு துளி இடைவெளியும் இல்லை. எட்டில ஒண்டு திருப்பினன், 0.15 வந்தது. விடிய அளக்க 0.2. இன்னொரு எட்டில ஒண்டுக்கு 0.35. தட்டுறது நிண்டிட்டுது.