பத்மினி ஹேண்ட் கியர்: இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது சிக்குகிறது

கேள்வி: அஸ்தம்பட்டி பத்மினி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் ஓட்டிய 1976ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினியை எட்டு மாதங்களாகச் சீர்செய்து வருகிறேன். தகட்டு வேலை, வயரிங், பிரேக் எல்லாம் முடிந்து, 1089 சிசி எஞ்சினும் நன்றாக ஓடுகிறது. ஸ்டியரிங் தண்டில் லிவர் இருக்கும் ஹேண்ட் கியர் மட்டும் வழிக்கு வரவில்லை. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது லிவர் நடுவில் சிக்கிக்கொள்கிறது. பானெட்டைத் திறந்து ராடைக் கையால் அசைத்தால்தான் விடுபடுகிறது. சென்ற ஞாயிறன்று ஏற்காடு சென்று திரும்பும் வழியில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் இரண்டாவது கியர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிட்டது. பிரேக் சரியாக இருந்ததால் தப்பித்தோம். காலையில் ரிவர்ஸ் போட்டால் உராயும் சத்தமும் கேட்கிறது. இங்குள்ள பட்டறை ஒன்றில் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தே ஆக வேண்டும் என்கிறார்கள். அது தேவைதானா?

பதில்: செவ்வாய்ப்பேட்டை லேத்

தம்பி, அவசரப்பட்டுக் கியர்பாக்ஸை இறக்காதீர்கள். ஹேண்ட் கியர் வண்டியில் லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே ராடுகள், பின்கள், பின்னைச் சுற்றி உட்காரும் புஷ்கள் எனப் பல மூட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தேய்மானம் சிறிதாகவே இருந்தாலும், எல்லாம் சேர்ந்து லிவரின் முனையில் பெரிய ஆட்டமாகத் தெரியும். முதல் இரண்டு கியர்களின் வரிசையிலிருந்து அடுத்த இரண்டின் வரிசைக்குத் தாண்டும் இடத்தில்தான் உங்களுக்குச் சிக்குகிறது. வரிசையைத் தேர்ந்தெடுக்கும் அசைவு முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியின் பின்பகுதியை உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். கியர்பாக்ஸ் பக்கத்தில் ராடுகளைக் கழற்றிவிட்டு, பின் சக்கரத்தை யாராவது மெதுவாகச் சுற்ற, ஒவ்வொரு கியராகக் கையால் போட்டுப் பாருங்கள். இரண்டாவது கியர் முழுமையாக விழுந்த நிலையில் கியர்பாக்ஸ் கை (ராடு மாட்டும் நெம்புகோல்) எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பிறகு ராடுகளை மாட்டி, ஸ்டியரிங் பக்கத்து லிவரால் அதே கியரைப் போடுங்கள். கை அந்தக் கோட்டைத் தொடவில்லையென்றால் குறை வெளியே இருக்கிறது. ராடு கழற்றிய நிலையிலும் கியர் சரியாக விழாவிட்டால், அப்போது உள்ளே கியரைப் பிடித்து நிறுத்தும் லாக் பால், ஸ்பிரிங், கியரை நகர்த்தும் ஃபோர்க் ஆகியவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

பதில்: ஏற்காடு காபித் தோட்டம்

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் எஞ்சின் மவுண்டிங்கை மறந்துவிடக் கூடாது. ஸ்டியரிங் தண்டு பாடியோடு இணைந்தது, கியர்பாக்ஸோ எஞ்சினோடு சேர்ந்து ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பது. அந்த ரப்பர் அமுங்கியோ கிழிந்தோ போனால், மேடு ஏறும்போது எஞ்சின் ஒரு பக்கமும், ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது மறுபக்கமும் சாய்ந்து, ராடையும் கூடவே இழுக்கும். அரைகுறையாக விழுந்த கியர் கழன்றுகொள்ள அந்த இழுப்பு போதும். சேலத்திலிருந்து வரும் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இந்தக் குறை வெளிப்படாமல் இருக்காது. இது சரியாகும் வரை, தயவுசெய்து குடும்பத்தோடு மலையிறங்க வேண்டாம்.

எண்ணெயையும் பாருங்கள். பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் ஜிஎல்-5 தர (ஜிஎல் என்பது கியர் எண்ணெயின் தரக் குறியீடு) 90 எண்ணெயையே கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் கியர்கள் உராயாமல் சேர உதவும் சின்க்ரோ வளையங்களின் பித்தளையை அரிக்கக்கூடும் என்பதால், பழைய கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரமே பாதுகாப்பானது.

கேட்டவர்: அஸ்தம்பட்டி பத்மினி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சோதனையைச் செய்தேன். கையால் போட்டபோது நான்கு கியர்களும் ரிவர்ஸும் தடையின்றி விழுந்தன. லிவரால் போட்டபோது சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு விரல் அகலம் முன்பாகவே கை நின்றுவிட்டது. பின்களைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் தேய்ந்து, துளைகளும் முட்டை வடிவமாகிவிட்டன. இடப்பக்க மவுண்டிங் ரப்பரும் பிளந்திருக்கிறது. புஷ்களை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: செவ்வாய்ப்பேட்டை லேத்

போதாது. தேய்ந்த பின்னில் புதுப் புஷ் போட்டால் சில மாதங்களில் பழைய ஆட்டமே திரும்பிவிடும். பின்களைப் புதிதாகக் கடைந்து, துளைகளை வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி துளையிட்டு, அதன் அளவுக்குப் பித்தளைப் புஷ் போடுங்கள். அளவு எடுப்பதற்கு முன்பே மவுண்டிங்கை மாற்றிவிடுங்கள். எஞ்சின் தன் உயரத்துக்கு வந்த பிறகு ராடின் நீளம் மாறிவிடும். லிவரும் கியர்பாக்ஸும் நியூட்ரலில் இருக்கும்போது, ராடின் முனை அழுத்தாமலே தன் துளையில் வந்து உட்கார வேண்டும். அதுவே சரியான நீளம்.

ரிவர்ஸ் சத்தம் தனிக் கணக்கு. இந்தக் கியர்பாக்ஸில் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் சின்க்ரோ கிடையாது. கிளட்சை முழுமையாக மிதித்து, நான்கைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் உராய்ந்தால் கிளட்ச் முழுமையாக விடவில்லை என்று பொருள். பெடலின் ஆட்டத்தைக் கையேட்டில் உள்ள அளவுக்குக் குறைத்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.