பாக்ஸ்டர் 986: மடக்குக் கூரை பாதி வழியில் நின்று, வலதுபக்கச் சட்டம் உடைந்துவிட்டது – உதவி தேவை

காற்றோடி

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 1998 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் கார், 986 வகை, 2.5 லிட்டர் எஞ்சின். பின்னால் கண்ணாடிக்குப் பதிலாக பிளாஸ்டிக் ஜன்னல் வரும் பழைய கூரை. கூரையைத் திறந்துகொண்டிருந்தபோது பாதி வழியில் ‘டக்’ என்று பெரிய சத்தம் கேட்டது. உடனே ஸ்விட்சை விட்டுவிட்டேன், அதற்கப்புறம் தொடவில்லை.

இப்போது கூரை கோணலாக நிற்கிறது. வலது பக்கம் பின்னோக்கிப் போய்விட்டது, இடது பக்கம் பின்தங்கி நிற்கிறது. வலதுபக்கச் சட்டத்தில், ரிவெட் வரும் ஓட்டையை ஒட்டி, ஒரு இணைப்புத் தகடு குறுக்காகப் பிளந்திருக்கிறது. துணி கிழியவில்லை. மோட்டார் ஓடும் சத்தம் நன்றாகவே இருந்தது. மடங்கிய கூரை உள்ளே போகும் இடத்தை மூடும் பின்மூடி இடது பக்கம் லேசாகத் தாழ்ந்து தெரிகிறது, ஆனால் அது வண்டி வாங்கியதிலிருந்தே அப்படித்தான்.

உடைந்த தகட்டில் வெல்டிங் வைத்தால் போதுமா? கூரையை மூட முடியாததால் வண்டியை வெளியே எடுக்கவும் வழியில்லை.

சும்மா_எட்டிப்பார்ப்பவன்

வெல்டிங் வைத்து, மேலே ஒரு பட்டையும் சேர்த்து அடித்துவிடுங்கள். பழைய வண்டிக்கு அது போதும்.

திருப்புளி

வெல்டிங் பேச்சை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். முதல் வேலையாக சாவியை எடுத்துவிட்டு, கூரை மோட்டாருக்கான ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். எந்த ஃபியூஸ் என்று தெரியாவிட்டால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றினாலும் சரி, ஆனால் அதற்கு முன் ரேடியோவின் கோடு நம்பர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்து ரேடியோக்கள் பேட்டரியை எடுத்தால் கோடு கேட்டு ஊமையாகிவிடும்.

நீங்கள் ‘எப்போதும் அப்படித்தான்’ என்று தள்ளிவிட்ட பின்மூடிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த வண்டியில் கூரைக்கு ஒரே மோட்டார், நடுவில் இருக்கிறது. அதிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு வளையும் கேபிள்கள் போகின்றன. கேபிளுக்குள் இருக்கும் கம்பி சுழன்று, அந்தந்தப் பக்கத்து கியர் பெட்டியைச் சுற்றும். பின்மூடியைத் தூக்குவதும் அதே கியர் பெட்டிதான், கூரைச் சட்டத்தைத் தள்ளுவதும் அதுதான். ஆகவே மூடி ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் இரண்டு கியர் பெட்டிகளும் ஒரே இடத்தில் இல்லை என்று பொருள். பிளந்தது வலது பக்கம் என்றாலும் கோளாறு இடது பக்கத்தில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இடது பக்கம் நகராமல் நிற்க, வலது பக்கம் மட்டும் தள்ளிக்கொண்டே போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும்.

இரண்டு பக்கமும் கியர் பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு புஷ் ராடு (தள்ளும் தண்டு) இருக்கும். அதன் முனையில் குண்டைக் கவ்விப் பிடிக்கும் சிவப்பு பிளாஸ்டிக் கப் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் இருக்கிறதா, முழுசாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

காற்றோடி

பார்த்தேன் ஐயா. இடது பக்கம் சிவப்பு பிளாஸ்டிக் கப் இருக்கிறது, விரிசல் எதுவும் இல்லை. வலது பக்கம் பிளாஸ்டிக்கே இல்லை. வெள்ளி நிறத்தில் உலோகக் கப் ஒன்று மாட்டியிருக்கிறது. நான் மாற்றியதில்லை, எனக்கு முன்னால் வைத்திருந்தவர் காலத்தில் யாரோ மாற்றியிருக்க வேண்டும்.

திருப்புளி

அப்படியானால் கதை ஓரளவு விளங்கிவிட்டது. அந்த பிளாஸ்டிக் கப் ஃபியூஸ் மாதிரி. ஏதாவது ஒரு பக்கம் சிக்கிக்கொண்டால் முதலில் அது தெறித்து விழும், ராடு வெறுமனே ஆடும், சட்டம் பிழைத்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் முன்பே ஒருமுறை வலது கப் உடைந்திருக்கும். ஏன் உடைந்தது என்று பார்க்காமல், இனி உடையவே கூடாது என்று உலோகத்தைப் போட்டுவிட்டார்கள். இந்த முறை அது உடையவில்லை, அதற்குப் பதில் சட்டம் உடைந்திருக்கிறது.

இனி பார்க்க வேண்டியது இடது கேபிள். ஆனால் முதலில் கூரையை மூடுங்கள்.

மூன்றாம்கியர்

மூடுவதற்கு மோட்டார் தேவையில்லை. இரண்டு புஷ் ராடுகளின் கப்பையும் குண்டிலிருந்து கழற்றிவிட்டால் சட்டம் கைக்கு வந்துவிடும். அகலமான முனை உள்ள ஸ்க்ரூடிரைவரில் துணி சுற்றி, கப்புக்கும் தகட்டுக்கும் நடுவே விட்டு மெல்ல நெம்புங்கள். உலோகக் கப்பில் பூட்டுக் கம்பி இருக்கலாம், இருந்தால் அதை முதலில் எடுங்கள். பலமாக நெம்பினால் குண்டு வளைந்துவிடும்.

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். பக்கத்துக்கு ஒருவராக நின்று, இருவரும் ஒரே நேரத்தில் தூக்கி, முன்கண்ணாடிச் சட்டம் வரை கொண்டுபோய்ப் பூட்டை மாட்டுங்கள். உடைந்த தகட்டைத் துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டுத் தூக்குங்கள், இல்லாவிட்டால் அதன் கூர்மையான முனை துணியைக் குத்திக் கிழிக்கும். கழற்றும் நேரம் முழுக்க பின்மூடிக்குக் கீழே மரக்கட்டை முட்டு கொடுத்திருக்க வேண்டும். விரல் மாட்டினால் நசுங்கிவிடும்.

காற்றோடி

கூரையை மூடிப் பூட்டிவிட்டோம். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. பூட்டும்போது முன்பக்க வலது கொக்கி குழியில் நேராக உட்காரவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தோம்.

ராடுகள் இரண்டும் கழன்றிருப்பதால், ஃபியூஸைத் திரும்ப மாட்டி மோட்டாரை ஒரு கணம் ஓட்டிப் பார்க்கலாமா?

திருப்புளி

பார்க்கலாம், அதுதான் சரியான சோதனை. சட்டம் இணைக்கப்படாமல் இருப்பதால் எதுவும் உடையாது. ஆனால் பின்மூடி அசையும், அதன் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. முன்பூட்டைத் திறந்து வைத்து, சாவி போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்திருந்தால்தான் ஸ்விட்ச் வேலை செய்யும் என்பது உங்களுக்கே தெரியும். ஒருவர் ஸ்விட்சைத் தட்டட்டும், நீங்கள் இரண்டு கியர் பெட்டியின் நெம்புகோல்களையும் கவனியுங்கள். இரண்டும் சேர்ந்தே கிளம்ப வேண்டும், சேர்ந்தே நிற்க வேண்டும்.

காற்றோடி

வலது நெம்புகோல் சீராகப் போகிறது. இடது பக்கம் கொஞ்சம் அசைந்து நின்று, மறுபடி அசைகிறது. நின்றிருக்கும்போது மோட்டார் பக்கமிருந்து ‘கரகர’ என்று சத்தம். மோட்டாரிலிருந்து இடது கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். உள்கம்பியின் சதுர முனை மழுங்கி உருண்டையாகிவிட்டது.

திருப்புளி

அதுதான் குற்றவாளி. சதுர முனை மோட்டாரின் குழிக்குள் முழு ஆழத்துக்குப் போய்ப் பிடிக்க வேண்டும். நுனி மட்டும் பிடித்துக்கொண்டு சுமையைத் தாங்கினால் நாளடைவில் மூலைகள் தேய்ந்துவிடும். சுமை குறைவான நேரத்தில் சுற்றும், சுமை ஏறியதும் வழுக்கும். மூடியைத் தூக்கும்வரை சமாளித்துவிட்டு, கூரையின் எடை வந்ததும் கைவிட்டிருக்கிறது. கேபிளை ஜோடியாகவே மாற்றுங்கள், வலது பக்கமும் அதே வயதுதான்.

ரிவெட்டர்

இப்போது உடைந்த தகட்டுக்கு வருகிறேன், என் தொழிலே தகடுதான்.

வெல்டிங் வேண்டாம் என்று முழுதாகச் சொல்லமாட்டேன். ஆனால் முதலில் அது என்ன உலோகம் என்று தெரிய வேண்டும். காந்தம் ஒட்டினால் எஃகு, வேலை சுலபம். ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம், மெக்னீசியக் கலவையாகவும் இருக்கலாம். மெக்னீசியத் தூள் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அதனால் என்னவென்று தெரியாமல் கிரைண்டரை வைக்காதீர்கள். எந்த உலோகமானாலும் வண்டியில் இருக்கும்போதே வெல்டிங் வைக்காதீர்கள். தீப்பொறி துணியில் ஓட்டை போடும், பிளாஸ்டிக் ஜன்னலைப் பொசுக்கும், வண்டியின் மின்னணுப் பெட்டிகளுக்கும் அது ஆகாது.

எனக்கு அதைவிடக் கவலை வேறு. பிளந்திருப்பது ரிவெட் ஓட்டையை ஒட்டி. அங்கே வெல்டிங் வைத்தால் சூட்டில் ஓட்டை கோணிக்கொள்ளும். மடக்குச் சட்டத்தில் ஒரு ஓட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால், அது முன்கொக்கி வரைக்கும் பெருகிப் பல மில்லிமீட்டராகத் தெரியும். மேலே பட்டை வைத்து அடிக்கச் சொன்ன நண்பருக்கும் அதேதான் பதில். மடங்கும்போது தகடுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன, கூடுதல் பட்டைக்கு அங்கே இடமே கிடையாது.

ஆகவே, கழித்த வண்டியிலிருந்து எடுத்த சட்டம் கிடைத்தால் அதிலிருந்து அந்த ஒரு தகட்டை மட்டும் எடுத்து மாற்றுவதே நல்லது. பாகத்தின் மேல் உள்ள எண்ணை ஒப்பிட்டே வாங்குங்கள். 986 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் கூரையின் உள்வேலையில் இடையிடையே மாற்றம் செய்திருக்கிறார்கள். 2003 மாடலிலிருந்து பின்ஜன்னலே கண்ணாடியாகிவிட்டது.

மாற்றும்போது பழைய ரிவெட்டின் தலையை மட்டும் டிரில் பண்ணி எடுத்து, மீதியைத் தட்டித் தள்ளுங்கள், ஓட்டை பெரிதாகக் கூடாது. புது ரிவெட் அடிக்கக் கருவி இல்லையென்றால் ஷோல்டர் போல்ட் போடலாம். சாதாரண போல்ட் வேண்டாம். மரை உள்ள பகுதி ஓட்டைக்குள் வந்தால் அரம் மாதிரி அறுத்து ஓட்டையை நீள்வட்டமாக்கிவிடும். போல்டின் வழவழப்பான உருளைப் பகுதிதான் தகட்டுக்குள் உட்கார வேண்டும். தகடுகளுக்கு நடுவே பழையபடி நைலான் வாஷர், வெளியே நைலாக் நட்டு (தளராமல் பிடிக்க உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு). தகடு தானாக மடங்கும் அளவுக்குத் தளர்வாகவும், பக்கவாட்டில் ஆடாத அளவுக்கு இறுக்கமாகவும் இருக்க வேண்டும். போல்ட் தலை எதிரே வரும் தகட்டிலோ துணியிலோ இடிக்கிறதா என்று கையால் மடக்கிப் பார்த்துவிடுங்கள்.

சும்மா_எட்டிப்பார்ப்பவன்

சரி, வெல்டிங்கை விட்டுவிடுகிறேன். ஆனால் உலோகக் கப்பை இரண்டு பக்கமும் போட்டால் என்ன? என் நண்பர் அப்படித்தான் ஓட்டுகிறார், பிரச்சினையே இல்லையாம்.

மூன்றாம்கியர்

கேபிள் இரண்டும் ஒழுங்காக இருக்கும்வரை பிரச்சினை வராது. வரும் நாளில் அவரும் இதே மாதிரி உதவி கேட்டு இங்கே ஒரு பதிவு போட வேண்டியிருக்கும். கப்பை மாற்றுவது சின்ன வேலை, சட்டத்தை மாற்றுவது அப்படியில்லை. என் ஓட்டு பிளாஸ்டிக்குக்கே.

ரிவெட்டர்

நானும் அதே கட்சி. அடிக்கடி கப் உடைகிறது என்றால் கப்பைத் திட்டாமல் கீல்களைப் பாருங்கள். காய்ந்த கிரீஸில் தூசி சேர்ந்து ஒரு கீல் முரண்டு பிடித்தாலே போதும்.

காற்றோடி

எல்லோருக்கும் நன்றி, கூரை இப்போது ஓடுகிறது. காந்தச் சோதனைக்கு அவசியமே வரவில்லை, அதே எண் கொண்ட பழைய சட்டம் ஒன்று கிடைத்தது. அதன் துணி கந்தலாக இருந்ததால் வலதுபக்கத் தகட்டை மட்டும் எடுத்து, ஷோல்டர் போல்டில் மாட்டினேன். போடுவதற்கு முன் உடைந்த தகட்டின் இரண்டு துண்டையும் காகிதத்தில் சேர்த்து வைத்து வரைந்து, அதன்மேல் புதியதை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

மாட்டிய பிறகு முன்பக்க வலது மூலையிலிருந்து பின்பக்க இடது கீல் வரையும், அதேபோல் மறுபக்கக் குறுக்கும் அளந்தேன். இரண்டு அளவும் ஒன்றாக வந்தன. முன்கொக்கிகளும் தள்ளாமலேயே குழியில் உட்காருகின்றன.

கேபிள் இரண்டும் புதிது, கப் இரண்டும் சிவப்பு பிளாஸ்டிக். கியர் பெட்டிகளை எப்படி ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது என்று முதலில் புரியவில்லை. கேபிளின் மோட்டார் பக்க முனையை பேட்டரி டிரில்லில் மாட்டி, மெதுவான வேகத்தில் சுற்றி, இடது நெம்புகோலை வலதின் கோணத்துக்குக் கொண்டுவந்தேன். பின்மூடியும் நேராகிவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. மடங்கும்போது பிளாஸ்டிக் ஜன்னல் நடுவில் மடியாமல் ஒரு ஓரமாகச் சுருங்குகிறது. இது சட்டத்தினால் வருவதா?

மூன்றாம்கியர்

சட்டம் நேராக இருப்பதாக நீங்களே அளந்துவிட்டீர்கள், ஆகவே அது காரணமாக இருக்காது. துணிக்கு உள்பக்கம் பின்னால் ஜன்னலை உள்ளே இழுக்கும் இழுவைப் பட்டைகளைப் பாருங்கள். ஒன்று அறுந்திருந்தாலோ தொய்ந்திருந்தாலோ ஜன்னல் ஒரு பக்கமாகத்தான் போகும். மாற்றும்வரை, கூரை பாதி வழியில் இருக்கும்போது நிறுத்தி, உள்ளங்கையின் ஓரத்தால் ஜன்னலின் நடுவில் மெல்ல ஒரு தட்டு தட்டி, மடிப்பை உள்நோக்கி எடுத்துக் கொடுங்கள். குளிரில் இதைச் செய்ய வேண்டாம், விறைத்த பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும்.

காற்றோடி

வலதுபக்கப் பட்டை தையல் விட்டுத் தொங்குகிறது. தைக்கக் கொடுத்திருக்கிறேன்.